மெக்ரே வராத வீடுகள்



வெகுஜன நாவலாசிரியர் ஒருவரைப் பற்றிய பேச்சு என்று அழைப்பிதழில் பார்த்ததும் உங்களில் பலர் ஒரு தமிழ்ப் பெயரை எதிர்பார்த்திருப்பீர்கள். பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய ஜார்ஜ் சிமெனோனை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. விற்கிற எழுத்து, நிற்கிற எழுத்து என்று நாம் கட்சி கட்டிக்கொண்டு எத்தனையோ காலமாகச் சண்டை போடுகிறோம். இவர் இரண்டு கட்சிக்கும் ஒரே மேசையிலிருந்து எழுதினார். எது யாருக்கு என்பது தனக்குத் தெளிவாகத் தெரியும் என்றும் நம்பினார். அந்த நம்பிக்கையை முழுவதும் ஏற்க என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எண்களை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பேச்சு முழுக்க அவை குறுக்கே வந்துகொண்டிருக்கும். பாரிஸ் குற்றப் புலனாய்வு அதிகாரி மெக்ரே வரும் நாவல்கள் 75, சிறுகதைகள் 28. மெக்ரே இல்லாதவை, 'கடின நாவல்கள்' என்று அவரே தனியாகப் பிரித்துவைத்தவை, நூற்றுக்கும் மேல். இவற்றுக்கெல்லாம் முன்பு புனைபெயர்களில் எழுதித் தள்ளிய மலிவு நாவல்கள் ஏறத்தாழ 200. நாவல் எழுதுவதை நிறுத்திய பிறகு ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசிப் பேசி வெளியிட்ட நினைவுகள் 21 தொகுதி. மொழிபெயர்ப்புகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உண்டு. விற்ற பிரதிகள் ஐம்பது கோடி என்று பதிப்பாளர்கள் சொல்வார்கள். பதிப்பாளர் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது புத்தகம் போட்ட எல்லோருக்கும் தெரியும்.

வேகத்தைப் பற்றிய கதைகளும் அப்படித்தான். 1927இல் யூஜின் மெர்ல் என்ற பத்திரிகை அதிபர் ஒரு திட்டம் போட்டார். மூலான் ரூழ் அரங்கின் எதிரே கண்ணாடிக் கூண்டு வைத்து, அதற்குள் சிமெனோனை உட்கார்த்தி, ஊரே வேடிக்கை பார்க்க ஒரு நாவலை எழுதி முடிக்கச் செய்வது. சேதி பரவியது, பாரிஸ் எழுத்தாளர்கள் கேலி செய்தார்கள், கூண்டு கடைசிவரை வரவே இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கூண்டைக் கண்ணாரப் பார்த்ததாக எழுதியவர்கள் உண்டு. அவர் அதை மறுத்து மறுத்துச் சலித்துப்போனார்.

பிறந்தது லியேஜ் நகரில், 1903 பிப்ரவரியில். பதிவேட்டில் தேதி 12. உண்மையில் நள்ளிரவு தாண்டிப் பிறந்தார், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆகாது என்று அம்மா ஆன்ரியெத் தேதியை மாற்றவைத்தார் என்பது குடும்பத்தில் வழங்கிய கதை. அப்பா தெசிரே காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கர், வருகிற சம்பளம் போதும் என்று இருந்தவர். அம்மாவுக்குப் போதவில்லை. ரஷ்யா, போலந்து என்று தூர தேசங்களிலிருந்து படிக்க வந்த மாணவர்களுக்கு வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு வேற்றாள், அவனுடைய தனிச் சமையல் வாசனை, அவனுக்கு வரும் கடிதங்கள். மெக்ரே நாவல்களில் விடுதி அறைகளும் மாடிப்படிகளும் வாசல் காவல்காரப் பெண்களும் இவ்வளவு உயிரோடு இருப்பதற்கு அந்த வீடுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும்.

அப்பாவின் இதயம் பழுதடைந்துவிட்டது என்று தெரிந்ததும் 15 வயதில் படிப்பு நின்றது. 1919 தொடக்கத்தில், 16 நிரம்பும் முன்பே, 'கசெத் தெ லியேஜ்' நாளிதழில் நிருபர் ஆனார். போலீஸ் நிலையம், நீதிமன்றம், சவ ஊர்வலம், நகராட்சிக் கூட்டம் என்று ஊரின் எல்லாப் புழக்கடைகளும் பழகின. அந்தப் பத்திரிகைக் காலத்தில் ஒரு கறையும் உண்டு. 1921இல் யூதர்களைத் தாக்கும் கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதினார். சொன்னதைச் செய்தேன் என்பது பிற்காலத்தில் அவர் தந்த விளக்கம். பதினெட்டு வயதுப் பையன், கத்தோலிக்கப் பழமைவாதப் பத்திரிகை, மேலிடத்து உத்தரவு என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் 1930களின் நாவல்களிலும் யூதப் பாத்திரங்களை வரையும் விதத்தில் அதே சாயல் தெரிகிறது.

1922 டிசம்பரில் பாரிஸ். 'ல மத்தேன்' நாளிதழின் கதைப் பகுதிக்கு அப்போது பொறுப்பு நாவலாசிரியை கொலெத். சிமெனோன் கொடுத்த கதைகளைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். இலக்கியத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவா என்பது அவர் சொன்னதன் சாரம். பையன் எடுத்தான். கதை அச்சேறியது. தன் வாழ்நாளில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை என்று சிமெனோன் கடைசிவரை இதைத்தான் குறிப்பிட்டார். கொலெத் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிரெஞ்சு உரைநடையின் மிகச் செழிப்பான கைகளுள் ஒன்று அவருடையது. அவரே அலங்காரத்தை விலக்கச் சொல்கிறார் என்றால், பையனிடம் இருந்தது கடன் வாங்கிய அலங்காரம் என்று கண்டுகொண்டுவிட்டார் என்று பொருள்.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் அவர் செய்தது தொழிற்சாலை வேலை. நம் ரயில் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களைப் போன்ற சந்தை அன்றைய பாரிஸில் இருந்தது. ஃபெரென்சி, தல்லாந்தியே, ஃபயார் ஆகிய பதிப்பகங்கள் தையற்காரிகளுக்குக் காதல் கதை, பையன்களுக்குச் சாகசக் கதை, ஆண்களுக்குக் கிளுகிளுப்பு என்று வரிசை வரிசையாக வெளியிட்டன. ஒவ்வொரு வரிசைக்கும் பக்க அளவு திட்டம், எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதும் திட்டம். ஜார்ஜ் சிம், ழான் து பெர்ரி, கிறிஸ்தியான் ப்ருல், கோம் கூத் என்று இருபது புனைபெயர்களுக்கு இடையே மாறி மாறி எழுதினார். காங்கோவும் அமேசானும் வேண்டும் என்றால் லாரூஸ் கலைக்களஞ்சியத்தைத் திறந்து மரங்களின் பெயரை எடுத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு 80 பக்கம் தட்டச்சு செய்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த நாவல்களுக்கு இலக்கிய மதிப்பு இல்லை என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அங்கே என்ன கற்றார் என்று பார்க்க வேண்டும். ஒரு ஆளை அறைக்குள் கொண்டுவர எத்தனை வாக்கியம் தேவை? அவனைப் பேசவைக்க எத்தனை? வாசகி எந்த இடத்தில் பக்கத்தைத் தாண்டிவிடுவாள்? கூலிக்கு எழுதுகிறவன் இவற்றை மாதம் தவறாமல் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நிதானமாக எழுதும் இலக்கியவாதிக்கு இந்தச் சோதனை வாழ்நாளில் எட்டோ பத்தோ முறைதான் கிடைக்கும். சிமெனோனுக்கு முப்பது வயதுக்குள் இருநூறு முறை கிடைத்துவிட்டது.

1928இல் 'ழினெத்' என்ற சிறு படகில் பிரான்ஸின் கால்வாய்களைச் சுற்றினார். மறு வருடம் 'ஆஸ்த்ரோகாத்' என்ற பெரிய படகில் வடக்கே ஹாலந்துவரை போனார். டெல்ஃப்ஸெய்ல் துறைமுகத்தில் படகு பழுது பார்க்கப்பட்டபோது, 1929 செப்டம்பரில், கனத்த உடம்பும் புகைக்குழாயும் தடித்த மேலங்கியுமாக மெக்ரே தன் மனத்தில் வந்து நின்றார் என்பார். அந்த ஊரில் 1966இல் மெக்ரேக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் விடவில்லை. பழைய மலிவு நாவல்களைப் புரட்டி, ப்ருல் என்ற புனைபெயரில் வந்த கதையிலேயே மெக்ரே என்றொரு அதிகாரி தலைகாட்டியிருப்பதை எடுத்துக் காட்டினார்கள். எனக்கு ஆய்வாளர் கட்சிதான் சரியாகப் படுகிறது. துறைமுகக் காட்சி அழகானது. மெக்ரே பிறந்தது அந்த மலிவுக் காகிதத்தில்.

பதிப்பாளர் ஃபயாருக்குத் தயக்கம். இதில் புதிர் இல்லை, விஞ்ஞானம் இல்லை, காதல் இல்லை, நல்லவன் கெட்டவன் தெளிவாக இல்லை, முடிவும் சுகமாக இல்லை, யார் வாங்குவார் என்று கேட்டாராம். வியாபாரம் தெரிந்த சிமெனோன் அதற்கு ஒரு வழி செய்தார். 1931 பிப்ரவரி 20 இரவு, மோன்பர்னாஸில் உள்ள 'பூல் பிளான்ஷ்' கேளிக்கை விடுதியில் ஒரு நடன விருந்து. போலீஸ் நிலையத்தில் குற்றவாளிகளுக்கு எடுப்பதுபோல, வாசலிலேயே விருந்தினர்களின் கைரேகை எடுக்கப்பட்டது. மறுநாள் பத்திரிகைகளில் அதே பேச்சு. அந்த ஆண்டு மட்டும் ஏறத்தாழப் பத்து மெக்ரே நாவல்கள் வந்தன. அடுத்த ஆண்டே 'நாற்சந்தியின் இரவு' நாவலை ழான் ரெனுவார் படமாக எடுத்தார்.

மெக்ரே என்ன செய்கிறார்? இதுதான் முக்கியம். ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்துச் சுருட்டின் பெயரைச் சொல்வார். மெக்ரேயிடம் என்ன நினைக்கிறீர்கள் என்று உதவியாளர் கேட்டால், எதையும் நினைக்கவில்லை என்பார். கொலை நடந்த தெருவிலுள்ள மதுக்கடையில் உட்கார்ந்து பியர் குடிப்பார். செத்தவனின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று கவனிப்பார். ஒரு கட்டத்தில் அந்த ஆளாகவே வாழப் பழகிவிடுவார், அதற்குப் பிறகு கொலைகாரன் யார் என்பது தானாக வெளியே வரும். மருத்துவம் படிக்கத் தொடங்கி, அப்பா இறந்ததால் பாதியில் விட்டவர் என்று அவருக்கு ஒரு பூர்வகதை உண்டு. விசாரணை அறையில் அவர் உட்காரும் விதத்தில் குடும்ப வைத்தியரின் பொறுமை இருக்கிறது.

1955இல் வந்த 'மெக்ரே வைத்த பொறி' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மோன்மார்த்ர் பகுதியில் பெண்கள் வரிசையாகக் கொல்லப்படுகிறார்கள். மெக்ரே பொறி வைத்து ஒருவனைப் பிடிக்கிறார். அவன் காவலில் இருக்கும்போதே அதே பாணியில் இன்னொரு கொலை நடக்கிறது. அவனைக் காப்பாற்ற யாரோ செய்த காரியம். அவனைத் தன் பிள்ளை என்று இறுக்கிப் பிடித்துவைத்திருக்கும் அம்மாவா, தன் புருஷன் என்று பிடித்துவைத்திருக்கும் மனைவியா? இரண்டு பெண்களையும் ஒரே அறையில் உட்கார்த்துகிறார் மெக்ரே. யார் என்று சொல்லப் போவதில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது, விடை தெரிந்த பிறகும் அந்த அத்தியாயத்தின் கனம் குறைவதில்லை என்பதைத்தான். துப்பறியும் கதைக்கு இது பெரிய விஷயம்.

எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம். 1955இல் 'பாரிஸ் ரெவ்யூ' பேட்டியில் விவரமாகவே சொல்லியிருக்கிறார். ஒரு மஞ்சள் உறை. அதன் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, அப்பா அம்மா, வீட்டு முகவரி. பெயர்கள் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்து வரும். பிறகு ஒரே கேள்வி: இந்த மனிதனை அவன் எல்லைவரை தள்ளிவிட என்ன நடக்க வேண்டும்? அடுத்து மருத்துவரிடம் உடல் பரிசோதனை, ரத்த அழுத்தம் உட்பட. அறைக் கதவில் தொந்தரவு செய்யாதே என்ற ஹோட்டல் அட்டை. தினம் ஒரு அத்தியாயம். இடையில் உடம்புக்கு வந்து நாள் தவறினால் எழுதியதெல்லாம் குப்பைக்கு. பதினொரு நாளுக்குள் நாவல் முடியும். அதற்கு மேல் தாங்காது என்பார், ஏனென்றால் அத்தனை நாளும் அவர் அந்தப் பாத்திரமாகவே நடந்து, சாப்பிட்டு, எரிந்து விழுவார். பிறகு சில நாட்கள் வெட்டும் வேலை. பெயரடை, வினையடை, அழகாக அமைந்துவிட்ட வாக்கியம் எல்லாம் போகும். கொலெத்தின் கை கடைசிவரை அந்த மேசையில் இருந்திருக்கிறது.

இந்த வழியில்தான் மெக்ரே நாவலும் வந்தது, கடின நாவலும் வந்தது. மெக்ரே எழுதுவது சுலபம், மற்றது உயிரை வாங்கும் என்று அவர் பிரித்துப் பேசினாலும், மஞ்சள் உறை ஒன்றே. தரப்படுத்திச் சொன்னால் வெகுஜன நாவல் கீழே, கடின நாவல் மேலே என்று வரும். அவரும் அப்படித்தான் எண்ணினார். 1934 முதல் நாவல்கள் கல்லிமார் பதிப்பகத்தில் வரத் தொடங்கியபோது, எழுத்தாளர் ஆந்த்ரே ழீத்தின் நட்பு கிடைத்தபோது, அந்த எண்ணம் உறுதிப்பட்டது. ழீத் அவருடைய நாவல்களை ஓரக் குறிப்புகளோடு படித்தார், பெரிய ஆய்வு எழுத எண்ணி முடிக்காமலே 1951இல் இறந்தார். 1942இல் சிமெனோனின் 'விதவை கூதெர்க்' நாவலும் காம்யுவின் 'அந்நியன்' நாவலும் வந்தன. வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' நமக்குப் பழக்கம். இரண்டையும் ஒப்பிட்ட ழீத், சிமெனோனுடையதுதான் இன்னும் தூரம் போகிறது என்று கருதினார். 1957இல் காம்யுவுக்கு நோபல் கிடைத்தபோது சிமெனோன் கொதித்துப்போனார். பத்தாண்டில் நோபல் எனக்கு என்று 1937இலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்தவர் அல்லவா.

என் வாசிப்பு வேறு. இரண்டும் ஒரே உலகத்தின் கதைகள், ஒரே மாதிரி ஆட்கள். ஒன்றில் மெக்ரே வந்து கதவைத் தட்டுகிறார். மற்றதில் அவர் வருவதே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 'ரயில்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்' 1938இல் வந்தது. க்ரோனிங்கன் நகரில் கப்பல் கம்பெனி குமாஸ்தா கேஸ் போபிங்கா. ஒழுங்கான வீடு, ஒழுங்கான மனைவி. ஒரு ராத்திரி முதலாளி மதுக்கடையில் உட்கார்ந்து, கம்பெனி திவால், நான் ஓடப்போகிறேன் என்கிறார். போபிங்காவும் வீட்டை விட்டு ரயிலேறுகிறான், கொலையில் போய் முடிகிறது. பாரிஸ் பத்திரிகைகள் தன்னைத் தப்பாக விவரிக்கின்றன என்று அவற்றுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறான். தன்னைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் அவனுடைய தவிப்பு. மெக்ரே இருந்திருந்தால் அந்த ஆள் கிடைத்திருப்பார். 'பனி அழுக்காக இருந்தது' நாவலில் அந்நியப் படை ஆளும் ஊர், விபசார விடுதி நடத்தும் அம்மா, காரணமே இல்லாமல் கொலை செய்யும் பத்தொன்பது வயது ஃபிராங்க். அவனை விசாரிக்கும் அதிகாரி மெக்ரேயின் தலைகீழ் வடிவம். மணிக்கணக்காகக் கேள்வி கேட்கிறார், புரிந்துகொள்ள அல்ல. இந்தப் பனி நாவலை அவர் 1948இல் எழுதியது அரிசோனா பாலைவன ஊர் ஒன்றில் உட்கார்ந்து.

அமெரிக்காவுக்கு ஏன் போனார் என்பதையும் மறைக்க வேண்டாம். போர்க் காலத்தில் ஜெர்மானியர் நடத்திய கான்டினென்டல் படக் கம்பெனிக்குக் கதைகளை விற்றிருந்தார். பிரான்ஸின் விடுதலைக்குப் பின் கேள்விகள் எழுந்தன. 1945இல் கடல் கடந்துவிட்டார். தம்பி கிறிஸ்தியான் பெல்ஜிய நாஜி ஆதரவுக் கட்சியில் இருந்தவன், அண்ணனின் யோசனைப்படி பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து 1947இல் இந்தோசீனாவில் செத்தான். அம்மா அதை மறக்கவில்லை.

அந்த அம்மாவிடம் வருகிறேன். அப்பா இறந்த பிறகு ஆன்ரியெத் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். ஒருவரை ஒருவர் நம்பாத கல்யாணம். விஷம் வைத்துவிடுவார்களோ என்று பயந்து தனித்தனி அலமாரி, தனித்தனிப் பூட்டு, தனித்தனிச் சமையல். 1967இல் வந்த 'பூனை' நாவல் இதிலிருந்து வந்தது. வயதான தம்பதி. கணவனின் பூனை விஷத்தால் சாகிறது, அவன் பதிலுக்கு மனைவியின் கிளியின் இறகுகளைப் பிய்க்கிறான். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதி ஒருவர் மடியில் ஒருவர் சுண்டிவிடுவதோடு சரி. இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் கதை. அதில் நான் மீண்டும் மீண்டும் வியப்பது ஒரு விஷயம்தான். கணவன் பிரிந்துபோன பிறகு திரும்பி வருகிறான். வெறுப்பு இல்லாமல் இருவராலும் இருக்க முடியவில்லை. சொல்ல வேண்டியதை எந்த வாக்கியமும் விளக்கிச் சொல்வதில்லை. ழான் கபேனும் சிமோன் சிஞோரேயும் 1971இல் இதைப் படத்தில் நடித்தார்கள்.

மகன் உலகப் பணக்கார எழுத்தாளன் ஆன பிறகு மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்பினார். ஒருமுறை அவரைப் பார்க்க வந்த அம்மா, அதுவரை அனுப்பியதை எல்லாம் சேர்த்து அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1970இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, பார்க்கப் போன மகனிடம் ஏன் வந்தாய் என்று கேட்டார். 1974இல் 'அம்மாவுக்குக் கடிதம்' என்ற சிறு நூலில் சிமெனோன் இவற்றை எழுதினார். எழுபத்தைந்து நாவல்களில் யார் யாரையோ புரிந்துகொண்டவர், இந்த ஒருத்தியைப் புரிந்துகொள்ள முயல்கிறார். அந்த முயற்சி பாதிதான் தேறுகிறது.

1972 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் லொசான் அருகே எப்பலேன்ழ் மாளிகையில், வழக்கம்போல மஞ்சள் உறையில் ஒரு புது நாவலுக்குப் பெயர்கள் எழுதினார். தொடர முடியவில்லை. அத்தோடு நாவல் எழுதுவதை விட்டார், மாளிகையை விற்கப் போட்டார், கடவுச்சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று போடச் சொன்னார். 1978இல் மகள் மரி-ழோ தற்கொலை செய்துகொண்டாள். அதற்குப் பிறகு வந்த 'அந்தரங்க நினைவுகள்' கனத்த நூல், நியாயப்படுத்தலும் துயரமும் கலந்து கிடப்பது, படிக்கச் சிரமமானது. 1989 செப்டம்பர் 4 அன்று லொசானில் இறந்தார். ஆயிரக்கணக்கான பெண்களோடு இருந்ததாகத் திரைப்பட இயக்குநர் ஃபெலினியிடம் அடித்த தம்பட்டத்தைப் பற்றிக் கேள்வி வரும் என்று தெரியும். அதற்கும் பதிப்பாளர் கணக்குக்குச் சொன்ன பதில்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆங்கிலத்தில் பெங்குயின் நிறுவனம் 2013 முதல் 2020 வரை 75 மெக்ரே நாவல்களையும் புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறது. வரிசையாகப் படிக்க வேண்டாம். முதல் ஆண்டு நாவல்களில் மலிவுச் சரக்கின் வாசனை இன்னும் போகவில்லை, கடைசிச் சிலவற்றில் கை தளர்ந்திருக்கிறது. 1950களில் எழுதியவற்றில் தொடங்குங்கள். ஓய்ந்த பொழுதுக்கு 1951இல் வந்த 'மெக்ரேயின் நினைவுக் குறிப்புகள்' இருக்கிறது. அதில் மெக்ரேயே பேனாவை எடுத்து, சிம் என்ற பையன் தன்னைப் பற்றி எவ்வளவு தப்பும் தவறுமாக எழுதினான் என்று புகார் சொல்வார். பிறகு போபிங்கா, பிறகு 'பூனை'. 'அம்மாவுக்குக் கடிதம்' நூலை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே படித்துவிட்டால், 'பூனை'யில் வரும் கிழவனையும் கிழவியையும் பார்க்காமல் சிமெனோன் வீட்டு ஆட்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.